ராமபாணப் பூச்சியின் குடலைச் சீவிப் பார்க்க: பாரஃபினா, ரெசினா, எலக்ட்ரான் நுண்ணோக்கியா, மைக்ரோ-சிடியா?

"கையில் பத்துப் பன்னிரண்டு ராமபாணப் பூச்சிகள், ஒரு குப்பி நிறைய வில்வால் பூச்சிகள் (ஸ்பிரிங்டெயில்). குடலையும் கழிவுறுப்புகளையும் திசு அளவில் பார்க்க வேண்டும். எந்த முறையில் இறங்குவது?" ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் பக்கத்து அறையில் எந்தக் கருவி சும்மா கிடக்கிறதோ அதுதான் பதிலாக அமைந்துவிடுகிறது. அப்படி முடிவெடுத்து ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த பூச்சிகளை வீணாக்கியவன் நான். அதனால் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

## முதலில் உள்ளே என்ன இருக்கிறது

இறக்கையே தோன்றாத ஆதிப் பூச்சிகள் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இவை ஒரே வகை அல்ல. ராமபாணமும், பாறை இடுக்கில் துள்ளும் மச்சிலிஸ் கூட்டமும் அசல் பூச்சிகள். வில்வால் பூச்சி, மண்ணில் வாழும் சிற்றுயிரிகளான புரோட்டூரா, டிப்ளூரா மூன்றையும் இப்போது பலர் பூச்சி வகுப்புக்கு வெளியே தனியாக வைக்கிறார்கள். வகைப்பாட்டுச் சண்டை நமக்கு வேண்டாம். ஆனால் உறுப்புகள் வேறுபடுகின்றன, அதுதான் முறையைத் தீர்மானிக்கிறது.

ராமபாணத்துக்குப் பெரிய தீனிப்பை உண்டு. அதையடுத்துப் பற்கள் கொண்ட அரவைப்பை, அப்புறம் நடுக்குடல். நடுக்குடலும் பின்குடலும் சேரும் இடத்தில் 4 முதல் 8 வரை மால்பிஜியன் குழல்கள், அதாவது கழிவைப் பிரிக்கும் குழல்கள், முளைத்திருக்கும். மார்செல்லோ மால்பிஜி 1669-இல் பட்டுப்புழுவில் விவரித்த அதே வகைக் குழல்கள்தான். மச்சிலிஸ் வகையில் இவற்றின் எண்ணிக்கை இன்னும் கூடுதல்.

வில்வால் பூச்சியில் மால்பிஜியன் குழல் கிடையவே கிடையாது. அதன் 'சிறுநீரகம்' தலைக்குள் இருக்கிறது: கீழ் உதட்டின் அடியில் திறக்கும் ஒரு ஜோடி சுருள்குழல்கள். இதுபோக நடுக்குடல் செல்களும் கழிவு வேலை பார்க்கின்றன. உலோகங்களையும் தாது உப்புகளையும் மணிமணியாகத் தமக்குள் சேர்த்துவைத்து, ஒவ்வொரு தோலுரிப்பிலும் அந்தச் செல்படலத்தையே மொத்தமாக உதிர்த்து வெளியே தள்ளிவிடுகின்றன. குப்பைத்தொட்டியோடு சேர்த்துக் குப்பையை வீசுவது போல.

டிப்ளூராவில் கேம்போடியா வகைக்குக் குழலுக்குப் பதில் குட்டிக் குட்டி மொட்டுகள் உண்டு. ஜாபிக்ஸ் வகைக்கு அதுவும் இல்லை. புரோட்டூராவில் ஆறு மொட்டுகள். ஆனால் முழு உடலே 2 மில்லிமீட்டரைத் தாண்டாத உயிரியில் அந்த மொட்டைத் தேடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் ஐந்து. முதலிரண்டுக்கு விடை கிடைத்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

தேடுவது வடிவமா, செல்லா, பொருளா? குழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது வடிவம். அதன் சுவரில் எத்தனை வகைச் செல்கள் என்பது செல். உள்ளே இருக்கும் மணி யூரேட்டா (யூரிக் அமிலத்தின் உப்பு), கால்சியமா, கிளைகோஜனா (சேமித்த மாவுப்பொருள்) என்பது பொருள். மூன்றையும் ஒரே முறையில் பார்க்க முடியாது.

அந்த முறை எதைக் கழுவிவிடும்? கழிவுறுப்பு விஷயத்தில் இதுதான் உயிர்நிலை. சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த யூரேட் தண்ணீர் கலந்த ஃபிக்ஸேட்டிவில் (திசுவை அழுகாமல் அப்படியே நிறுத்திவைக்கும் கரைசல்) கரைந்துவிடும். கால்சியம் மணிகளை அமிலம் தின்றுவிடும். கடைசியில் நாம் பார்ப்பது வெற்று ஓட்டை. அதை 'வாக்குவோல்' (செல்லுக்குள் இயல்பாக இருக்கும் குமிழ்) என்று பெயரிட்டு எழுதிவிடும் ஆபத்தும் உண்டு.

பூச்சி தோலுரிப்பின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? ராமபாணமும் வில்வால் பூச்சியும் முதிர்ந்த பிறகும் தோலுரிக்கின்றன. வில்வால் பூச்சியின் நடுக்குடல் தோலுரித்த மறுநாள் ஒரு மாதிரியும், அடுத்த தோலுரிப்புக்கு முதல்நாள் வேறு மாதிரியும் இருக்கும். தேதி தெரியாத இரண்டு பூச்சிகளை ஒப்பிட்டால் இரண்டு இனங்களின் வேறுபாட்டை அல்ல, இரண்டு நாட்களின் வேறுபாட்டைத்தான் பார்த்திருப்பீர்கள்.

கியூட்டிக்கிள் (உடலை மூடும் ஓடு), அளவு, எண்ணிக்கை. மருந்து உள்ளே போகுமா, கத்தி வெட்டுமா, எத்தனை பூச்சியை இழக்கலாம்?

நேரமும் பாதுகாப்பும். யாருடைய கை வேலை செய்யும், எந்த நச்சைத் தொட வேண்டியிருக்கும்?

## பாரஃபின் மெழுகு

பழைய முறைதான், ஆனால் அதைக் கிண்டல் செய்ய நான் ஆளில்லை. 5 முதல் 7 மைக்ரான் தடிமனில் தொடர் சீவல்கள் எடுக்கலாம். ஒன்றரை மில்லிமீட்டர் வில்வால் பூச்சியை 6 மைக்ரானில் சீவினால் ஏறத்தாழ 250 சீவல்கள், சில ஸ்லைடுகளில் அடங்கிவிடும். முழு உடலின் வரைபடம் ஒரே மூச்சில் கையில் கிடைக்கும்.

இதன் பெரிய பலம் சாயங்கள். ஹீமட்டாக்சிலின்-ஈயோசின் பொதுப் பார்வைக்கு. நடுக்குடலில் உணவைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையையும் கிளைகோஜனையும் காட்ட பிஏஎஸ் என்ற சாயம். தசையையும் கியூட்டிக்கிளையும் பிரித்துக் காட்ட மூவண்ணச் சாயம். "இந்த மணி என்ன பொருள்?" என்ற கேள்விக்கு இவ்வளவு விதமாகப் பதில் சொல்லும் முறை வேறில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது கியூட்டிக்கிள். மெழுகு மென்மை, ஓடு கடினம். கத்தி ஓட்டில் இடித்து உள்ளிருக்கும் குடலைச் சுருட்டி எடுத்துவிடும். என் முதல் ராமபாணத் தொடரில் நடுக்குடல் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த துணி மாதிரி ஏதோ இருந்தது. அப்புறம்தான் தோலுரித்துச் சில மணி நேரமே ஆன, வெளுத்து மென்மையாக இருக்கும் பூச்சியை எடுக்கக் கற்றேன். ஆனால் பாருங்கள், ஓட்டுக்கு வசதியான அந்த நேரம் குடலுக்கு இயல்பான நேரம் அல்ல. வில்வால் பூச்சியில் இந்தத் தந்திரம் நேராக ஆய்வையே கெடுத்துவிடும். ராமபாணத்தில் குடலைத் தனியே பிரித்தெடுத்து மெழுகில் வைப்பது நல்லது.

இரண்டாவது, குடலுக்குள் இருப்பது. ராமபாணம் மணல் துகளையும் தன் செதில்களையும் சேர்த்தே விழுங்கும். ஒரு மணல் துகள் போதும், கத்தியில் பல் விழுந்து ஒவ்வொரு சீவலிலும் ஒரே இடத்தில் கோடு வரும். இரண்டு நாள் பட்டினி போட்டால் குடல் காலியாகும். செல்களில் கிளைகோஜனும் குறையும். எது வேண்டும் என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது.

மூன்றாவது ஃபிக்ஸேட்டிவ். ஓட்டுக்குள் வேகமாகப் புகும் என்று எல்லாரும் ஆல்கஹால் கலந்த போயின் கரைசல் என்ற ஃபிக்ஸேட்டிவை எடுப்பார்கள். வடிவம் அருமையாக வரும், ஆனால் அதிலுள்ள அமிலங்கள் கால்சியம் மணிகளைக் கரைத்துவிடும். யூரேட்டைத் தேடுபவர் தூய ஆல்கஹாலில் ஃபிக்ஸ் செய்ய வேண்டும். அப்போது செல்கள் சுருங்கிப் பார்க்கச் சகிக்காது. இரண்டு பூச்சி, இரண்டு கரைசல்: வேறு வழியில்லை.

எப்போது நல்லது: பல பூச்சிகள் உண்டு, பொருள் என்ன என்று தெரிய வேண்டும், உறுப்புகளின் இடவமைப்பு போதும் என்றால்.

## ரெசினில் அரை மைக்ரான் சீவல்

ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். குளுட்டரால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்து, ஆஸ்மியம் டெட்ராக்சைடில் ஊறவைத்து, எப்பாக்சி ரெசினில் பதித்து, கண்ணாடிக் கத்தியால் 0.5 முதல் 1 மைக்ரான் வரை சீவி, டொலுயிடின் நீலம் ஏற்றுவது. ரெசின் ஓட்டுக்கு நிகரான கடினம் என்பதால் கத்தி எங்கும் இடிக்காமல் ஓடும். மெழுகுச் சீவலில் மங்கலாகத் தெரிந்த செல் எல்லைகள் இங்கே பேனாவால் வரைந்தது போல நிற்கும். நடுக்குடல் செல்களின் நுனியில் தூரிகைபோல் நிற்கும் விளிம்பு, செல்களுக்கிடையே ஒளிந்திருக்கும் புதுப்பிக்கும் செல்கள், மால்பிஜியன் குழலில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் எல்லாம் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே பிடிபடும்.

அதைவிட முக்கியம், அதே கட்டியை நாளை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் கொண்டுபோகலாம். இன்று வரைபடம், தேவைப்பட்டால் நாளை ஆழம். பூச்சிகள் குறைவாக உள்ளவருக்கு இந்தத் தள்ளிப்போடும் உரிமை பெரிய விஷயம்.

இங்கும் கண்ணுக்குத் தெரியாத கணக்குகள் உண்டு. குளுட்டரால்டிஹைடு மெதுவாகத்தான் ஊடுருவும், ஆஸ்மியம் அதைவிட மோசம், ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடப் போகாது. முழுப் பூச்சியை அப்படியே போட்டால் வெளித்தோல் அழகாகவும் குடல் அழுகியும் இருக்கும். திரவத்துக்குள் மூழ்கவைத்து உடலைத் திறக்க வேண்டும், அல்லது இரண்டாக வெட்ட வேண்டும். வில்வால் பூச்சி திரவத்தில் மூழ்கவே மூழ்காது, அதன் தோல் தண்ணீரை அப்படி விரட்டும். ஒரு நொடி ஆல்கஹாலில் முக்கி எடுப்பதோ, ஒரு துளி டிடர்ஜென்ட் சேர்ப்பதோ உதவும்.

அடுத்தது எண்ணிக்கை. அதே ஒன்றரை மில்லிமீட்டர் உடலை 1 மைக்ரானில் முழுதாகச் சீவினால் 1500 சீவல்கள். யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். ஆர்வமுள்ள பகுதியை மட்டும் தொடராக எடுத்து, மற்ற இடங்களில் தாண்டித் தாண்டி எடுங்கள்.

சாயமும் சுருங்கிவிடும். எப்பாக்சிக்குள் நீர்வழிச் சாயங்கள் எளிதில் புகாது. பிஏஎஸ் போட்டால் குளுட்டரால்டிஹைடு விட்டுச்சென்ற ஆல்டிஹைடுகளே நிறம் கொடுத்து, எல்லா இடமும் கிளைகோஜன் என்று பொய் சொல்லும். முன்கூட்டியே அவற்றைத் தடுக்க வேண்டும். இந்த இடைஞ்சலுக்கு கிளைகால் மெத்தக்ரிலேட் ரெசின் ஒரு நடுவழி: 2, 3 மைக்ரானில் சீவலாம், வழக்கமான சாயங்களும் ஏறும். ஆனால் அந்தக் கட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அவ்வளவாக ஒத்துவராது.

ஆஸ்மியத்தின் ஆவி கண்ணைப் பாதிக்கும். பலர் பயன்படுத்தும் கக்கோடிலேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) ஆர்செனிக் உண்டு. புகைக்கூண்டு இல்லாத அறையில் இந்த முறையை நினைக்கவே கூடாது.

எப்போது நல்லது: பூச்சி சிறியது அல்லது அரிது, செல் வகைகள் வேண்டும், அடுத்து எதைத் தேடுவோம் என்று இன்னும் தெளிவில்லை என்றால். புரோட்டூராவின் மொட்டுகளுக்கும் வில்வாலின் தலைச் சிறுநீரகத்துக்கும் நான் நேராக இங்கேதான் வருவேன்.

## எலக்ட்ரான் நுண்ணோக்கி

ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 0.2 மைக்ரானுக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. நடுக்குடலின் நுண்விரல்கள் ஒவ்வொன்றும் அதைவிட மெல்லியவை. தனித்தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கிதான்.

இது கட்டாயம் தேவைப்படும் ஒரு நல்ல உதாரணம் தெர்மோபியா டொமெஸ்டிகா, அடுப்படி வெப்பத்தை விரும்பும் ராமபாணத்தின் உறவினர். ஈரப்பதம் ஏறத்தாழ 45 சதவீதம் உள்ள காற்றிலிருந்தே இது நீராவியை உறிஞ்சிக்கொள்ளும், அதுவும் பின்குடலின் கடைசியில் உள்ள பைகள் வழியாக. அந்தப் பையின் செல்சுவர் ஆழமாக மடிந்து மடிந்து, மடிப்புகளோடு மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ரெசின் சீவலில் "ஏதோ கோடுகோடாக இருக்கிறது" என்பதற்கு மேல் சொல்ல முடியாது. அந்த மடிப்பைக் கண்ணால் பார்த்தால்தான் உறிஞ்சும் வேலைக்கு இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

வில்வால் பூச்சியின் தாது மணிகளும் இப்படித்தான். வெங்காயம்போல் வளையம் வளையமாகத் தெரியும். எக்ஸ்-கதிர்ப் பகுப்பாய்வு இணைப்பு இருந்தால் உள்ளே எந்தத் தனிமம் என்றும் அளக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: சீவல்கள் தண்ணீரின் மேல் மிதந்துதான் சேகரிக்கப்படுகின்றன. அந்தச் சில நொடிகளிலேயே மணியின் நடுப்பகுதி கரைந்துபோகலாம். நடுவில் ஓட்டை கண்டால் பூச்சியைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

மிகப் பெரிய மறைச்செலவு பார்வையின் குறுக்கம். 70 நானோமீட்டர் தடிமனில் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் உடலைச் சீவினால் 21,000-க்கும் மேல். யாராலும் முடியாது, எனவே நீங்கள் பார்ப்பது எப்போதும் ஒரு சிறு துணுக்கு. இரண்டு செல்லைப் பார்த்துவிட்டு "நடுக்குடல் இப்படி" என்று எழுதிய வரைவுகளை நான் படித்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். ரெசின் சீவலில் இடம் குறித்துக்கொள்ளாமல் இதற்குள் நுழைவது ஊர் பெயர் தெரியாமல் வீட்டைத் தேடுவது.

மேற்பரப்பைக் காட்டும் வகை, அதாவது ஸ்கேனிங் நுண்ணோக்கி, இங்கே ஒரே ஒரு இடத்தில் பிரகாசிக்கும்: அரவைப்பையின் பற்கள். முன்குடலும் பின்குடலும் கியூட்டிக்கிள் பூசியவை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் தசையும் நடுக்குடலும் கரைந்து அந்தப் பூச்சு மட்டும் நிற்கும். திறந்து படமெடுத்தால் பல் பல்லாகத் தெரியும். கழிவுக் குழல்களுக்கு இந்த வழி பயனில்லை.

எப்போது நல்லது: கேள்வி செல்லுக்கு உள்ளே இருக்கிறது, எந்த இடம் என்று முன்பே தெரியும் என்றால்.

## மைக்ரோ-சிடி

வெட்டாமலே முப்பரிமாணம். அயோடின் அல்லது பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் ஏற்றி, பூச்சியைச் சுழற்றி எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுத்து, கணினியில் குடலை முழுதாகக் கட்டி எழுப்பலாம். மால்பிஜியன் குழல்கள் ஒன்றோடொன்று பின்னி எங்கே போகின்றன என்பதைச் சீவல்களில் தேடிக் கண் நோகும் வேலை இங்கே சில நாட்களில் முடியும். தீனிப்பையின் கொள்ளளவு போன்ற அளவுகளுக்கும் இதுவே சரி, சீவலின் சுருக்கமும் கிழிசலும் இல்லை.

ஆனால் ஆய்வகக் கருவிகளில் தெளிவு ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவில் நின்றுவிடும். செல் வகை தெரியாது, பொருள் தெரியாது. சாயம் ஓட்டைத் தாண்டிப் போக நாட்கள் ஆகும். தண்டனை கடைசியில் வருகிறது: படத்தில் எது குடல், எது கொழுப்புத் திசு என்று ஒவ்வொரு அடுக்காக வண்ணம் தீட்டிப் பிரிப்பது. கருவி ஓடும் நேரத்தைவிடப் பல மடங்கு அதில் போகும்.

எப்போது நல்லது: அருங்காட்சியக மாதிரியைக் கெடுக்கக் கூடாது, அல்லது வடிவமும் கொள்ளளவும் மட்டுமே கேள்வி என்றால்.

## வெறும் அறுவையும் நீர் ஸ்லைடும்

இதை யாரும் 'முறை' என்று கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் குடலைப் பூச்சிக்கான உப்புக் கரைசலில் பிரித்து, மூடுகண்ணாடி போட்டு உடனே பாருங்கள். யூரேட் கரைய நேரமே இல்லை. இரண்டு போலரைசர் தகடுகளுக்கு நடுவே வைத்தால் யூரேட் மணிகள் இருட்டில் சிலுவை போல மின்னும். இந்தக் கால் மணி நேர வேலையைச் செய்யாமல் நேராக ஃபிக்ஸ் செய்தவர்தான், பின்னால் ஓட்டைகளுக்கு விளக்கம் தேடிக்கொண்டிருப்பார்.

## ஒரே பார்வையில்

| | பாரஃபின் | ரெசின் | ஊடுருவு எலக்ட்ரான் | மைக்ரோ-சிடி |
|---|---|---|---|---|
| தடிமன் அல்லது தெளிவு | 5–7 மைக்ரான் | 0.5–1 மைக்ரான் | 60–80 நானோமீட்டர் | சுமார் 1 மைக்ரான் |
| வடிவம் | நன்று | சுமார் | இல்லை | மிக நன்று |
| செல் வகை | சுமார் | மிக நன்று | மிக நன்று | இல்லை |
| பொருள் | மிக நன்று | குறைவு | இணைப்புக் கருவி இருந்தால் | இல்லை |
| இழப்பது | கரைசலைப் பொறுத்து யூரேட் அல்லது கால்சியம் | யூரேட் | யூரேட், மணியின் நடு | எதையும் வெட்டுவதில்லை |
| மறைச்செலவு | ஓட்டால் கிழிசல் | மெதுவான ஊடுருவல், நச்சு | பார்வைக் குறுக்கம் | கணினியில் போகும் வாரங்கள் |

## சரி, உங்கள் நிலை எது?

ராமபாணம் செல்லுலோஸை எங்கே செரிக்கிறது என்பது உங்கள் கேள்வி என்றால், பாரஃபினில் தொடங்குங்கள். அது நுண்ணுயிர் உதவியின்றியே செல்லுலோஸைச் செரிக்கும் என்று ராமபாணக் குடும்பத்தின் டெனோலெபிஸ்மா பூச்சியை வைத்து 1956-லேயே காட்டிவிட்டார்கள். எனவே சுரக்கும் செல்களைத் தேடுவதில் பொருள் இருக்கிறது. நொதியை இடம் காட்ட எதிர்ப்பொருள் சோதனை வேண்டியிருக்கும், ஆஸ்மியம் ஏறிய எப்பாக்சிக் கட்டி அதற்கு ஒத்துழைக்காது.

மாசடைந்த மண்ணில் வாழும் வில்வால் பூச்சி உலோகத்தை எப்படி வெளியேற்றுகிறது என்பது கேள்வி என்றால், ரெசினும் அதிலிருந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியும். இங்கே முறையைவிட நாட்காட்டி முக்கியம். பாரிஸ் சாந்தும் கரித்தூளும் கலந்த தரையுள்ள சிறு டப்பாவில் ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்த்து, உரித்த தோலைத் தினமும் தேடி, நாள் குறித்துக்கொள்ளுங்கள். நாள் தெரியாத பத்துப் பூச்சியைவிட நாள் தெரிந்த மூன்று பூச்சி மேல்.

பல இனங்களின் குழல் எண்ணிக்கையையும் அமைப்பையும் ஒப்பிட்டு வம்சாவளி பேசப் போகிறீர்கள் என்றால் மைக்ரோ-சிடி, கூடவே இனத்துக்கு ஒரு ரெசின் கட்டி. சிடியில் 'குழல் இல்லை' என்று வந்தால் அது இல்லாததாலா, மொட்டு அளவில் இருந்து தெளிவுக்கு அகப்படாததாலா என்று ரெசின்தான் சொல்லும். கேம்போடியாவையும் ஜாபிக்ஸையும் குழப்பிக்கொள்ள, சிடியை மட்டும் நம்புவதைவிட நல்ல வழி கிடையாது.

எல்லாம் புதிது, வழிகாட்ட ஆளும் இல்லை என்றால் இந்த வரிசையில் போங்கள்: முதல் இரண்டு பூச்சி நீர் ஸ்லைடுக்கு, அடுத்த மூன்று போயின் கரைசலுக்கும் பாரஃபினுக்கும், ஒன்று தூய ஆல்கஹாலுக்கு, மீதி எல்லாம் திறந்த உடலோடு குளுட்டரால்டிஹைடுக்கு. அந்த மீதியை உடனே பதிக்க வேண்டியதில்லை. பஃபருக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் சில நாள் வைக்கலாம், அதற்குள் பாரஃபின் ஸ்லைடுகள் எந்த இடத்தைச் சீவ வேண்டும் என்று சொல்லிவிடும்.